தனிக்கவனிப்பு அண்ணாச்சி

தென்காசிப் பக்கத்துக் கல்யாண நோட்டில் எழுதாத செலவு கிடையாது. பந்தக்காலில் கட்டிய மாவிலை, தாம்பூலப் பையில் போட்ட தேங்காய், நாதஸ்வரக்காரர்கள் குடித்த காபி, முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னால் ஓடிப்போய் வாங்கிய சேஃப்டி பின் இரண்டு அட்டை வரைக்கும் வரிசையாக இருக்கும். புரட்டிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் 'இலை, கூடுதல்' என்று எழுதி எதிரே 38,000 என்று போட்டிருப்பார்கள். அவ்வளவு ரூபாய்க்கு இலை வாங்கினால் காசி விசுவநாதர் கோவில் ரத வீதி முழுக்கப் பந்தி போடலாம். ஆனால் கணக்குப் பார்க்கிற பெரியவர்கள் அந்த வரி வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்கள்; திரும்ப மாட்டும்போது அடுத்த பக்கம் வந்திருக்கும்.

அந்த வரிக்குப் பொறுப்பாளர் ஒருவர் ஒவ்வொரு சொக்காரர் கூட்டத்திலும் உண்டு. அவர்தான் தனிக்கவனிப்பு அண்ணாச்சி. வயது ஐம்பத்தைந்துக்கு மேல். கூட்டுறவு சங்கத்திலோ பிரானூர்ப் பக்கம் மர அறுவை மில்லிலோ கணக்கு எழுதி ஓய்ந்தவர். சட்டைப் பையில் இரண்டு பேனா, மடியில் இரண்டு போன். பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' பட்டியலில் பதினேழாவதாகப் பெயர் இருக்கும். ஆனால் நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள் பெண்ணின் அப்பா முதல் போன் போடுவது சமையல்காரருக்கு, இரண்டாவது போன் இவருக்கு.

"அண்ணாச்சி, அத நீங்க பாத்துக்கிடுங்க."

"அத நான் பாத்துக்கிடுதேன்."

எது என்று அவரும் சொல்வதில்லை, இவரும் கேட்பதில்லை. இவர் குடிப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். டாக்டர் சர்க்கரை என்று சொன்ன அன்றைக்கு விட்டவர். குடிக்கிறவன் கையில் இந்தப் பொறுப்பைக் கொடுத்தால் நாற்பது பேருக்கு வாங்கியது நாலு பேருக்கே பத்தாது என்பது ஊர் அறிந்த நிர்வாக ஞானம்.

அவருடைய கணக்கு சரக்கில் தொடங்காது, ஆளில் தொடங்கும். பத்திரிகை வைக்கிற பட்டியலை வாங்கி, பெயருக்குப் பெயர் பென்சிலால் புள்ளி வைப்பார். ஒரு புள்ளி என்றால் நாலு பேர் குடிக்கிறார்களே என்று குடிப்பவர். இரண்டு புள்ளி, அவர் குடிக்கிறாரே என்று நாலு பேர் வந்து உட்காருவார்கள். மூன்று புள்ளி அபாயம். ரசத்தில் உப்பில்லை என்று ஆரம்பித்து, 1987ல் பாகம் பிரித்தபோது போட்ட வரப்புக்குப் போய்விடுவார். சில பெயர்களைச் சுற்றி வட்டம் இருக்கும். அவர்கள் 'நான் அதத் தொடுறதே இல்ல' என்பவர்கள். வட்டத்துக்குத்தான் முதலில் எடுத்து வைக்க வேண்டும், அதுவும் தனி அறையில் வைக்க வேண்டும் என்பார் அண்ணாச்சி.

ஃபுல் பாட்டில் அவருக்கு ஆகாது. 750 மில்லியை 60 மில்லியாக ஊற்றினால் பன்னிரண்டரை வரும். "அந்த அரை யாருக்கு வே?" என்று கேட்பார். அந்த அரையில் முறிந்த சம்பந்தங்களை அவர் பார்த்திருக்கிறார். ஆகவே குவார்ட்டர்தான். 180 மில்லி, மூடி திறக்காதது, பெட்டிக்கு 48. கையில் கொடுத்ததும் பெயருக்கு நேரே ஒரு டிக். இரண்டாவது கேட்டு வருகிறவர் முதலாவதின் காலி பாட்டிலைக் காட்ட வேண்டும். சொந்த மைத்துனராக இருந்தாலும் இதில் சலுகை கிடையாது.

நாள் குறிப்பதிலும் ஜோசியருக்கு அடுத்த இடம் இவருக்குத்தான். தை மாதம் முகூர்த்தத்துக்கு நல்ல மாதம். ஆனால் திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவு நாள் என்று டாஸ்மாக் சாத்திக் கிடக்கிற மூன்று நாள் அந்த ஒரே மாதத்தில் வந்து விழும். ஜோசியர் ராகுகாலம் பார்த்தால், இவர் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்குச் சாத்துகிற காலம் பார்ப்பார். குற்றாலத்துக்கு இன்னொரு பஞ்சாங்கம். ஆனியில் சாரலும் உண்டு, முகூர்த்தமும் உண்டு; ஐந்தருவி ரோட்டில் காட்டேஜ் வாடகை இரண்டுக்குமாகச் சேர்ந்து ஏறி நிற்கும். ஆடியில் அருவி கொட்டும், கல்யாணம் கிடையாது. ஆவணியில் திரும்பவும் ஆரம்பித்துவிடும். மண்டபம் தென்காசியில், சொந்தக்காரர்களுக்கு அறையும் தென்காசியில். புள்ளி வைத்த பெயர்களுக்கு மட்டும் ஐந்து கிலோமீட்டர் தள்ளிக் குற்றாலத்தில். "அருவிப் பக்கம் வேணும்னு கேட்டாவ" என்று பெண்டுகளிடம் சொல்லப்படும். பெண்டுகளும் நம்பினது போலவே கேட்டுக்கொள்வார்கள்.

செங்கோட்டை 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர். அதனால் இங்கே பாதிக் கல்யாணத்துக்குப் புனலூர், ஆரியங்காவுப் பக்கமிருந்து சொந்தம் வரும். வரும்போது டிக்கியில் நாலு 'ஜவான்' ரம் போட்டுக்கொண்டு வரட்டுமா என்று பிரியமாகக் கேட்கும். புளியரை செக்போஸ்ட்டை நினைத்து அண்ணாச்சி அடியோடு மறுத்துவிடுவார். "கல்யாணக் காருன்னு ரிப்பன் கட்டியிருந்தா விட்டுருவான்னு நெனைக்காத. அந்த ரிப்பனைப் பாத்துத்தான் நிறுத்துவான்."

2023 ஏப்ரலில் சிறப்பு உரிமம் வாங்கினால் திருமண மண்டபத்திலேயே மது பரிமாறலாம் என்று அரசு விதியைத் திருத்திய செய்தி வந்தது. நாலா பக்கமும் எதிர்ப்பு கிளம்பவே மண்டபத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். எதிர்த்த கட்சிகளிலும் சங்கங்களிலும் அண்ணாச்சியைப் போல மனதார எதிர்த்தவர் இருந்திருக்க முடியாது. "உரிமம் எடுத்தா பில்லு வரும்லா. பில்லு வந்தா நோட்டுல எழுதணும்லா. எழுதினா மதினி படிப்பாவல்லா" என்று இரண்டு நாள் சாப்பிடாமல் திரிந்தார். 2022-23ல் மது விற்பனையால் அரசுக்கு வந்தது 44,000 கோடி ரூபாய்க்கு மேல். அதைச் சட்டமன்றத்தில் புத்தகமாகவே அச்சடித்துக் கொடுக்கிறார்கள். கொடுத்த வீடுகளின் நோட்டில் அத்தனை கோடியும் இலையாகவும் ஐஸ்கட்டியாகவும் டிரைவர் பேட்டாவாகவும் கிடக்கிறது. இந்த நாட்டின் வாழை விவசாயம் பற்றிக் கல்யாண நோட்டுகளை வைத்து யாராவது ஆராய்ச்சி செய்தால் பெரிய பிழையில் போய் முடியும்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் போன ஆவணியில் மெல்போர்ன் மாப்பிள்ளை வாய்த்தார். ரிசப்ஷனில் ஒயின் இருக்க வேண்டும், குவார்ட்டர் கூடாது, வந்தவர்கள் குடும்பத்தோடு நின்று ஆளுக்கொரு கிளாஸ் பிடித்துப் பேச வேண்டும் என்று வீடியோ காலில் சொன்னார். அங்கே கணக்கு சுலபமாம். தலைக்கு அரைப் பாட்டில். பாட்டிலுக்கு 5 கிளாஸ், ஆளுக்கு இரண்டரை. 600 பேருக்கு 300 பாட்டில்.

அண்ணாச்சி மறுக்கவில்லை. தாலி ஏறுகிற வரைக்கும் மாப்பிள்ளையை மறுக்கிற வழக்கம் கிடையாது. "நல்ல யோசனை மாப்ளே" என்று போனை வைத்துவிட்டுக் கழிக்க உட்கார்ந்தார். 600ல் பெண்டுகள் 280. பிள்ளைகள் 90. மிச்சம் 230ல் விரதம், வயோதிகம், மாத்திரை என்று 70. பெண்டாட்டி பார்க்கக் கிளாஸைத் தொடத் துணியாதவர் 110. ஆக 50. மாப்பிள்ளையின் கூட்டாளிகள் 10 பேரைச் சேர்த்து 60. ஆளுக்கு 2 கிளாஸ் என்றால் 120 கிளாஸ், 24 பாட்டில், இரண்டு பெட்டி. பாட்டில் ஆயிரம் என்றே வைத்தாலும் 24,000 ரூபாய். முந்நூறு பாட்டிலை இருபத்து நாலாக்கிவிட்டு ஒரு டம்ளர் மோர் குடித்தார்.

பாளையங்கோட்டை வாத்தியார் ஒருவர் அவருக்குப் பால்ய சிநேகிதர். அவர் பயமுறுத்தினார்: "பாத்துக்கிடும் வே. கானா ஊர்க் கலியாணத்துலயே திராட்சரசம் நடுவுல தீந்துபோச்சு. ஆறு கல்ஜாடித் தண்ணிய ஆண்டவர் மாத்திக் குடுத்தாரு. உமக்கு யாரு இருக்கா?"

"அங்க ஏற்பாடு பண்ணினவன் ஆளை எண்ணாம வாங்கியிருப்பான்" என்றார் அண்ணாச்சி.

எந்த ஒயின் என்பதில் இரண்டு நாள் போனது. நாசிக் திராட்சையா, பெங்களூருக்குப் பக்கத்து நந்தி மலைத் திராட்சையா என்று மாப்பிள்ளை கேட்க, "நம்ம கம்பம் பன்னீர் திராட்சை இருக்கே மாப்ளே, 2023ல புவிசார் குறியீடே வாங்கிட்டு" என்று இவர் ஊர்ப் பெருமை பேசினார். மாப்பிள்ளைக்கு இனிப்பே இல்லாததுதான் வேண்டும். "சர்க்கரையே கிடையாதா? அப்ப எனக்கே ஆகுமே" என்றார் அண்ணாச்சி, முப்பது வருஷத்தில் முதல் தடவையாகச் சொந்த ஆர்வத்தோடு. சத்து எவ்வளவு என்றும் விசாரித்தார். நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று. நம் பிராந்தி 42.8. அந்த வித்தியாசத்தைப் பட்டியலில் இருந்த இரண்டு புள்ளிக்காரர்களிடம் எப்படிச் சொல்வது என்றுதான் அவருக்குக் கவலை.

மண்டப மேனேஜரிடம் பேச்செடுத்தபோது அவர் வாயைத் திறக்காமல் சுவரில் தொங்கிய போர்டைக் கையால் காட்டினார். மாப்பிள்ளையும் இறங்கி வந்தார். ஆகவே ரிசப்ஷனுக்கு முந்தின ராத்திரி, குடும்பங்கள் இல்லாமல், குற்றாலத்தில். இதே குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் ராஜாஜியும் கல்கியும் விருந்தாளிகளாக வந்து உட்கார்ந்து கம்பனைப் பேசியிருக்கிறார்கள். 1937ல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் ராஜாஜி. மதுவிலக்குக்கென்றே நடந்த 'விமோசனம்' பத்திரிகையில் அவரோடு உழைத்தவர் கல்கி. அந்தக் கச்சேரிக்குப் புள்ளி வைத்த பட்டியல் தேவைப்பட்டிருக்காது.

இரவு எட்டரை. மொட்டை மாடித் தகரக் கூரையில் சாரல் படபடத்தது. ஐஸ் பெட்டிக்குள் இருந்த பாட்டில்களைப் பார்த்து மாப்பிள்ளை பதறினார். "ரெட் ஒயினை ஐஸ்ல வைக்கக் கூடாது மாமா." எடுத்துத் துண்டால் துடைத்து வரிசையாக வைத்தார்கள். மூடியைத் திருகப்போன அண்ணாச்சியின் கை அப்படியே நின்றது. பாட்டிலின் தொண்டைக்குள் தக்கை. அதை எடுக்க ஒரு திருகாணி உண்டு, அது மெல்போர்னில் இருக்கிறது என்றார் மாப்பிள்ளை. ஒருவர் பெருவிரலால் உள்ளே அமுக்கிப் பார்த்தார். மாப்பிள்ளையின் கூட்டாளி ஒருவர் யூடியூபில் பார்த்தேன் என்று பாட்டிலின் அடியைச் செருப்புக்குள் விட்டுச் சுவரில் மொத்த ஆரம்பித்தார். தக்கை அசையவில்லை, சுண்ணாம்புதான் உதிர்ந்தது.

அண்ணாச்சி கீழே குனிந்து சத்தம் கொடுத்தார். வாசலில் சீரியல் செட் மாட்டிக்கொண்டிருந்த பையன் ஈரக் காலோடு மேலே வந்தான். ஒரு திருப்புளி, இரண்டு அங்குலத் திருகாணி ஒன்று, கட்டிங் பிளேயர். தக்கையின் நடுவில் திருகாணியை வைத்து முக்கால்வாசி இறக்கினான். தலையைப் பிளேயரால் கவ்வினான். பாட்டிலைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கி ஒரு இழு. 'டப்'. மாடியே கை தட்டியது. மேளக்காரர்களுக்குக் கூட அந்தக் கல்யாணத்தில் அப்படிக் கை தட்டல் விழவில்லை. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் என்று பேசி, அதை லைட் செட் பில்லில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார் அண்ணாச்சி.

முதல் வாய் குடித்ததும் எல்லார் முகமும் ஒரே பக்கமாகக் கோணியது. "நல்லாத்தான் இருக்கு, தொவர்ப்பா" என்றார் ஒருவர், மாப்பிள்ளை பார்க்கிறாரே என்று. இன்னொருவர் யாருக்கும் தெரியாமல் ஸ்பிரைட் ஊற்றினார். மூன்று புள்ளிக்காரர் நாலு கிளாஸ் குடித்துவிட்டு ஒன்றுமே ஆகவில்லை என்று அறிவித்தார். மாடிப்படி இறங்கும்போதுதான் ஆனது. பத்து மணிவாக்கில் இரண்டு புள்ளிக்காரர்கள் ஒவ்வொருவராக அண்ணாச்சியின் காதருகே வந்து, "அது இல்லியா?" என்று கேட்டார்கள். கார் டிக்கியில் குவார்ட்டர் ஒரு பெட்டி சாயங்காலமே வந்து இறங்கியிருந்தது. அதற்கு வைத்த நோட்டும் பென்சிலும்கூடத் தயாராக இருந்தன.

இந்த மனிதரை நான் கேலி செய்தாலும் ஒரு காரியத்துக்காகக் கும்பிடுவேன். மாடிப்படி ஏறுகிற இடத்தில் ஒரு நாற்காலி போட்டு, மடியில் பித்தளைச் சொம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பைக் சாவி, கார் சாவி எதுவானாலும் அந்தச் சொம்புக்குள் போட்டால்தான் மேலே வழி. கல்யாணப் பத்திரிகையின் உறையைக் கத்தரித்துச் சின்னச் சீட்டாக்கி, பெயர் எழுதி, மஞ்சள் நூலால் சாவியில் கட்டியிருப்பார். காலையில் இட்லி சாப்பிட்ட பிறகுதான் திருப்பிக் கிடைக்கும். ஒருமுறை ஒரு வக்கீல் சட்டம் பேசிப் பார்த்தார். அண்ணாச்சி சொம்பை மடியிலிருந்து எடுத்து வேட்டிக்குள் வைத்துக்கொண்டார். நோட்டில் எழுதாத இன்னொரு கணக்கு அது. அதில் மட்டும் அவருக்கு ஒரு சாவிகூடக் குறைந்ததில்லை.

24ல் 9 பாட்டில் திறக்காமல் மிச்சம். பாளையங்கோட்டை வாத்தியார் கிறிஸ்துமஸ் கேக்குக்கு முந்திரிப்பழம் ஊறப்போட ஆகும் என்று ஆட்டோ பிடித்து எடுத்துப் போனார். ஆட்டோக்காசு மட்டும் இவர் கையிலிருந்து போனது. அந்தக் கோபத்தில் மறுவீட்டுச் சொதியைக்கூட அரை மனதாகத்தான் சாப்பிட்டார். இஞ்சிப் பச்சடிக்குப் போகுமுன் போன் அடித்தது. கடையநல்லூரிலிருந்து, தையில் கல்யாணம் வைத்திருக்கிற ஒரு தங்கச்சி மாப்பிள்ளை.

"அண்ணாச்சி, பையன் ஷாம்பெய்ன் வேணுங்கான்."

"அதத் திறக்கத் திருப்புளி வேணுமா?"

"வேண்டாம் அண்ணாச்சி, அதுவே வெடிச்சுத் திறந்துக்கிடுமாம்."

"எத்தனை பேரு மேல பீச்சும்?"

"பாட்டிலுக்கு ஒரு ஏழெட்டுப் பேரு."

அண்ணாச்சி இடது கையால் பேனாவை எடுத்தார். "அப்ப பீச்சுறதுக்குத் தனியா, குடிக்கிறதுக்குத் தனியா எழுதணும். முகூர்த்தம் என்னைக்கு? வள்ளலார் நாளு என்னைக்கு வருதுன்னு பாத்தியளா?"