கொம்பு பின்னாடி போன ஊரு

இன்னாடா பேராண்டி, மூஞ்சி கோடையில காய்ஞ்ச பாத்தி மாதிரி வெடிச்சுக் கெடக்கு? ஒக்காரு. டீ சொல்றேன். காசு நீ குடுத்துடு.

ஈசிஆர் ரோட்டோரம் நீ கட்டின பேனரைக் காலையிலயே பார்த்துட்டேன். 'கோட்டக்குப்பம் இளைஞர்கள்'னு போட்டிருக்க. போடணும்னு நெனச்சிருக்க, அவ்ளோதான். 'க'வுக்கு முன்னாடி நிக்க வேண்டிய ரெட்டைக் கொம்பு, அதைத் தாண்டிப் பின்னாடி போயி காலோட ஒண்டிக்கினு நிக்குது. எழுபது வருசமா மாடு பார்க்கிறேன்டா, வாலுகிட்ட கொம்பு மொளைச்ச மாட்டை நீதான் மொதல்ல காட்டினே.

"சாஃப்ட்வேர் கோளாறு தாத்தா"ங்கற. இருக்கும். மரக்காணத்து அளத்துல உப்பு வாரின கைக்கு இன்னா தெரியும்? ஆனா அந்த சாஃப்ட்வேர் உன்கிட்ட வந்த கதை தெரியும். எவனோ பூட்டை ஒடைச்சு பென்டிரைவ்ல போட்டுக் குடுத்தான். கூடவே வந்த வைரஸ் உங்க அத்தை கல்யாணப் போட்டோ அத்தனையும் முழுங்கிடுச்சு. கேட்டா, "மாசா மாசம் வாடகை கட்ட நம்மால ஆவுமா? இது நம்ம சுதந்திரம்"ங்கற. அடேயப்பா! 1930-ல வேதாரண்யத்துல ராஜாஜி உப்பு அள்ளினாரே, அதுவும் சுதந்திரந்தான். அவரு ஊரறியச் சொல்லிட்டு அள்ளினாரு, ஜெயிலுக்கும் போனாரு. நீ கதவைச் சாத்திக்கினு, நெட்டைப் புடுங்கிட்டு, "அப்டேட் மட்டும் வந்துடக் கூடாது சாமி"ன்னு வேண்டிக்கினு இல்ல சுதந்திரமா இருக்க?

இதுல கூத்து இன்னான்னா, நீ திருடுறதுக்கு அவசியமே இல்ல. கட்டற்ற மென்பொருள்னு ஒரு கூட்டம் கதவைத் தெறந்து வச்சிக்கினு "எடுத்துக்கோ"ன்னு நிக்குது. இலவசம்னு சொல்லல, கவனி. 1983-ல அமெரிக்காவுல ஸ்டால்மன்னு ஒருத்தர் இதை ஆரம்பிச்சாரு. அவரு பாஷையில 'ஃப்ரீ'ன்னா ஓசிக்கும் அதான், விடுதலைக்கும் அதான். பாவம், மேடைக்கு மேடை வித்தியாசம் சொல்லிச் சொல்லியே தாடி நரைச்சுப் போச்சு. நம்மாளுங்க 'கட்டற்ற'ன்னு ஒரே சொல்லுல கதையை முடிச்சுட்டாங்க. 2012-லிருந்து 'கணியம்'னு சீனிவாசனும் அவரு கூட்டாளிங்களும் இதையெல்லாம் தமிழ்லயே எழுதிக்கினு வராங்க. நீ படிச்சிருக்க மாட்டே. தமிழ்ல இருக்குதே!

சரி, கொம்புக்கு வரேன். கம்ப்யூட்டரு 'கோ'வை உள்ளுக்குள்ள மொதல்ல 'க', அப்பறம் 'ஓ'க்குறின்னு வச்சிருக்குது. காட்டுறப்போ அந்தக் குறியை ரெண்டாப் பொளந்து, கொம்பை முன்னாடியும் காலைப் பின்னாடியும் நிறுத்தணும். அந்த மேய்க்கிற வேலைக்குன்னே ஹார்ஃப்பஸ்னு ஒரு கட்டற்ற நிரல் இருக்குது. பாரசீகத்துல 'தெறந்த எழுத்து'ன்னு அர்த்தமாம். உன் ஆண்ட்ராய்டு போன்ல தமிழ் ஒழுங்காத் தெரியுதே, அந்தப் புண்ணியவான் மேய்க்கிறதாலதான். அதே ஆளு இங்க்ஸ்கேப்னு படம் வரையற கட்டற்ற நிரல்லயும் கெடக்கான். பேனருக்கு அதை எடு. அது புள்ளி வச்சு நிரப்பாது, கோட்டைக் கணக்காப் போட்டு வச்சிக்கும். விசிட்டிங் கார்டை இருபது அடிக்கு இழுத்தாலும் விளிம்பு பிசிறாது. எழுத்துரு வேணும்னா இலங்கைக்காரர் தாரிக் அஸீஸ் வரைஞ்ச கவிவனார் இருக்குது, கையால எழுதின மாதிரி சாஞ்சு நிக்கும். பத்திரிகை அடிக்க வாகா இருக்கும். உனக்குக் கல்யாணம் ஆவுறப்போ பார்த்துக்கலாம், அவசரமில்ல.

போட்டோவுக்கு கிம்ப். 1995-ல பெர்க்லி காலேஜுப் பசங்க ரெண்டு பேரு ஆரம்பிச்சது. உன் வயசுதான் அவனுங்களுக்கும், அதை விடு. கொறையையும் சொல்லிடறேன், அப்பறம் என்னைத் திட்டாதே: அச்சாபீசுல கேக்குற நாலு மைக் கணக்கு கிம்ப்புக்கு அவ்வளவா ஒத்து வராது. அந்த வேலைக்கு கிரிட்டா, புத்தகம் கட்டுறதுக்கு ஸ்கிரைபஸ்.

கடற்கரையில நின்னு வீடியோ எடுத்துப் பேசறியே, உன் பேச்சு கேக்குதா, காத்து கேக்குதா? எனக்குக் காத்துதான் புடிச்சிருக்கு. ஆனாலும் ஒடாசிட்டின்னு ஒன்னு இருக்குது. நீ வாயத் தெறக்காத ரெண்டு நொடியைப் புடிச்சு, "இதுதான் எரைச்சல்"னு அதுக்குக் காட்டணும். மிச்சத்துலேருந்து அதைக் கொறைச்சுக் குடுக்கும். வாயை மூடிக்கினு ரெண்டு நொடி இருக்கணும்டா, அதான் உன்னால முடியுமான்னு யோசிக்கிறேன்.

பிளெண்டர் கதை தெரியுமா? பொம்மைப் படம் செய்யறது. 2002-ல அதை வச்சிருந்த கம்பெனி படுத்துடுச்சு. டான் ரூசெண்டால்னு ஒருத்தர், "ஒரு லட்சம் யூரோ குடுத்தா மூல நிரலை மீட்டு ஊருக்கே வுட்டுடலாம்"னு கேட்டாரு. ஏழே வாரத்துல மொய் சேர்ந்துடுச்சு. நம்மூரு காதுகுத்துல கூட அவ்ளோ வேகமா எழுத மாட்டான். அதை வச்சு லாட்வியான்னு ஒரு சின்ன தேசத்துல 'ஃப்ளோ'ன்னு படம் எடுத்தாங்க. 2025-ல ஆஸ்கர் வாங்கிடுச்சு. படத்துல ஒரு பூனை, வசனமே கெடையாது. வாயத் தெறக்காத பூனைக்கு ஆஸ்கர். நீயும் மூணு வருசமா "பிரண்ட்ஸ், சப்ஸ்கிரைப் பண்ணுங்க"ன்னு கத்திக்கினு இருக்க.

"நமக்கெல்லாம் யாரு தாத்தா சொல்லிக் குடுத்தா?"ன்னு மொறைக்காதே. உங்க அக்காவுக்கு அரசாங்கம் குடுத்த லேப்டாப்புல பாஸ் லினக்ஸ்னு ஒன்னு இருந்துச்சு. கேம் ஓடலைன்னு மொத நாளே அழிச்சது யாரு? 'பாஸ்'னு பேரு வச்சும் நீ மதிக்கல.

எனக்கு எப்படித் தெரியும்னுதானே முழிக்கிற? உன் சித்தப்பன் மக, அதான், நீ "உனக்கு ஒன்னும் தெரியாது"ன்னு தொரத்தி வுட்டியே அவதான், விழுப்புரத்துல குனு லினக்ஸ் பயனர் குழுன்னு இருக்குது, அங்க போயி கத்துக்கினு வந்தா. ராவுல திண்ணையில ஒக்காந்து கூட்டாளிப் பொண்ணுங்களுக்குச் சொல்லிக் குடுக்குறா. நான் தூங்குற மாதிரி படுத்துக் கேட்டுக்கினு கெடப்பேன். குறட்டை கூட வுடுவேன், சந்தேகம் வரக் கூடாது பாரு.

டீயைக் குடிச்சியா? அப்ப ரோட்டுப் பக்கம் போயிட்டு வா. உன் பேனரை மத்தியானமே எறக்கியாச்சு. இப்ப தொங்குறது அவ போட்டது. கொம்பு முன்னாடி, கால் பின்னாடி. கயிறு மட்டும் நீ கட்டினதுதான். நல்லாத்தான் கட்டியிருக்க.