யாரும் பார்க்காத உலா

புது நெல் ரகம் வந்தால் ஒரு மாவில் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வயலுக்குக் கொண்டுபோவேன். ஏடிடி 43-ஐ விட்டு கோ 51-க்கு வர எனக்கு மூன்று குறுவை ஆனது. பிரவுசரை மட்டும் ஒரே ராத்திரியில் மாற்றினேன். மயக்கியது பெயர்: உலா.

எங்களுக்கு உலா என்றால் சித்திரையில் திருவையாற்று ஐயாறப்பர் பல்லக்கில் ஏழூர் சுற்றி வருவது. படித்தவர்களுக்கு ஒட்டக்கூத்தரின் மூவருலா. சோழன் பவனி வருவான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்தாரும் பார்த்துச் சொக்கிப்போவார்கள். எந்த உலாவானாலும் ஊர் பார்க்க வேண்டும், அதற்குத்தான் கிளம்புவதே. மருமகன் சென்னையிலிருந்து போனில் சொன்னான்: "மாமா, இதுல நீங்க எங்க போனாலும் யாருக்கும் தெரியாது."

"தெரியாம போறதுக்குப் பேரு உலாவாடா?"

"பிரைவசி மாமா."

ஜோஹோ கம்பெனி இதை 2023 மே மாதம் வெளியிட்டதாம். மத்திய அரசு நடத்திய உள்நாட்டு பிரவுசர் போட்டியில் 2025-இல் முதல் பரிசு, ஒரு கோடி ரூபாய். கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்புவுக்குப் பூர்வீகம் தஞ்சாவூர் ஜில்லா என்றதும், எந்த ஊர், எந்தத் தெரு என்று நானும் வீட்டம்மாவும் அரைமணி நேரம் அலசினோம். வேவு பார்க்க விடாத பிரவுசருக்கு எங்கள் வீட்டில் நடந்த வரவேற்பு அது.

திறந்தால் பழகின முகம். உள்ளே ஓடுவது குரோமியம். கூகுள் குரோமுக்கும் அதுதான் அடி. கொட்டகை புதுசு, மோட்டார் தெரிந்த மோட்டார். பிடித்துப்போனது அறை பிரித்த விதம். வேலைக்கு ஒன்று, சொந்தத்துக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று, ஓபன் சீசன் என்று கெடுபிடி இல்லாத ஒன்று. எங்கள் பழைய வீட்டில் இந்த ஏற்பாடு தாத்தா காலத்திலேயே உண்டு. நெல் வியாபாரி திண்ணையோடு சரி, சம்பந்தி கூடம் வரை, கொல்லைப்பக்கம் வருகிறவருக்கு வாசல் சமாச்சாரம் தெரியாது. ஓபன் சீசன் என்பது திண்ணை. யார் வேண்டுமானாலும் துண்டை உதறிப் போட்டு உட்காரலாம்.

போன சம்பாவில் ஒருநாள், வயலில் களையெடுக்கும் கோனோவீடர் விலை பார்த்தேன். ஒரே ஒரு தடவை. அன்றிலிருந்து பேத்தியின் பரீட்சை முடிவைப் பார்த்தால் பக்கத்தில் கோனோவீடர், பஞ்சாங்கம் பார்த்தால் கோனோவீடர், இரங்கல் செய்தி படித்தால் அங்கேயும் ஓரமாக அது நிற்கும். பெண் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் வந்தவன் வீட்டுக்குக் கல்யாணத் தரகர் நடப்பாரே, அந்த நடை.

உலாவில் முதலில் தேடியது மேட்டூர் நீர்மட்டம். 120 அடி அணையில் இன்றைக்கு எத்தனை அடி என்று, குறுவைக்கு அணை திறக்கும் ஜூன் 12 நெருங்க நெருங்க, காய்ச்சல்காரனுக்கு தர்மாமீட்டர் வைப்பதுபோலப் பார்த்துக்கொண்டே இருப்போம். எண் வந்தது. எண் மட்டும் வந்தது. பக்கத்தில் வெறும் வெள்ளை. தினமும் வாசலில் வந்து நின்ற மனுஷன் நாலு நாள் வராவிட்டால், உடம்புக்கு என்னவோ என்று தோன்றும் இல்லையா? ஒரு மணி வரைக்கும் தூக்கம் வரவில்லை.

காலையில் டீக்கடை. பெஞ்சில் இடம் விட்டபடியே பெரியவர் கேட்டார்: "ராத்திரி ரொம்ப நேரம் லைட்டு எரிஞ்சுதே?"

"கம்ப்யூட்டர்ல கொஞ்சம் வேலைங்க."

"மருமவன் ஏதோ மாத்தச் சொன்னாராமே. யாருக்கும் ஒண்ணும் தெரியாதாமே அதுல?"

வீட்டம்மா குழாயடிக்குப் போய் வந்தது நினைவுக்கு வந்தது.

"ஆமாங்க."

"நல்லது. கோனோவீடர் இன்னும் வேணும்னா சொல்லுங்க, ஆத்துக்கு அந்தாண்ட ஒருத்தர் பழசு குடுக்கறாரு."

கடைக்காரர் டீயை நீட்டினார். ஒரு வாய் குடித்தேன். சர்க்கரை இல்லை. ரத்தப் பரிசோதனைக் காகிதம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. நானே இன்னும் முழுசாகப் படிக்கவில்லை.