முன்னாள் செயலாளர்

சங்கீத சபா செயலாளர்கள் பதவி விலகுவது அபூர்வம். அப்படி யாராவது விலகிவிட்டால், பதவியில் இருந்தபோது பார்த்ததைவிட அதிகமாக அவரைச் சபாவில் பார்க்கலாம்.

சபா போன்ற சங்கங்களின் நிர்வாகக் குழு மூன்று ஆண்டுக்கு மேல் பதவியில் இருக்கக் கூடாது என்கிறது 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். மறுபடி தேர்ந்தெடுக்கப்படத் தடையில்லை என்றும் அதே சட்டம் சொல்கிறது. நம் செயலாளர் மாமா இரண்டாவது வரியை மட்டும் படித்தவர். தூர்தர்ஷன் கறுப்பு வெள்ளையாக இருந்த காலத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் மூட்டை மாற்றிய பிறகு, டாக்டர் சொன்னதை மாமி இன்னும் பலமாகச் சொன்னதால் எழுந்தார்.

செப்டம்பர் பொதுக்குழுவில் புதியவர் ஒருமனதாகத் தேர்வானார். மென்பொருள் கம்பெனியில் ப்ராஜெக்ட் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபதுக்குள், ஆகவே சபா கணக்கில் பையன். கைதட்டல் அடங்குவதற்குள் மாமா மைக்கைப் பிடித்து, "நான் எங்கேயும் போயிடலை, இங்கேதான் இருப்பேன்" என்றார். எல்லோரும் அதை ஆறுதலாக எடுத்துக்கொண்டார்கள். அது எச்சரிக்கை.

மறுநாளே விசிட்டிங் கார்டில் 'செயலாளர்' என்பதன்மேல் பேனாவால் மெல்லிசாக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'கௌரவ ஆலோசகர்' என்று எழுதிக்கொண்டார். அப்படி ஒரு பதவி சபாவின் விதிகளில் கிடையாது. கோடும் அடியில் இருப்பதைப் படிக்க முடிகிற அளவுக்குத்தான் இருந்தது.

பொறுப்பு ஒப்படைப்பு முறையாக நடந்தது. பீரோ சாவி, ரப்பர் ஸ்டாம்பு, கணக்குப் புத்தகம், குத்துவிளக்கு, விழா மலர்களின் பழைய பிரதிகள், இரண்டு அட்டைப்பெட்டி நிறையப் பொன்னாடை. எல்லாவற்றுக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். சபா எதனால் ஓடுகிறதோ அது மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. எந்த வித்வானுக்கு எந்த வயலின் ஒத்துவராது, எந்த இருவர் ஒரே க்ரீன் ரூமில் காபி குடிக்க மாட்டார்கள், எந்தப் புரவலருக்கு பேனர் மேடையின் வலப்பக்கம் கட்ட வேண்டும் என்பதெல்லாம் மாமாவின் தலைக்குள் இருந்தன. தலையை ஒப்படைக்கச் சொல்லிச் சட்டத்தில் ஷரத்து இல்லை.

டிசம்பர் சீசனுக்கு டிசம்பரில் வேலை தொடங்குவதில்லை. ஆடி பிறப்பதற்குள் வாய்ப்புக் கேட்டுக் கடிதங்கள் வந்துவிடும். மத்தியானக் கச்சேரி வளரும் பிள்ளைகளுக்கு, அனுமதி இலவசம். முன்வரிசையில் பாடுகிற பெண்ணின் சொந்தக்காரர்கள், பின்வரிசையில் சாப்பிட்ட அசதிக்கு ஏசி தேடி வந்தவர்கள். நாலு மணி அடுத்த படி. ஆறேகால் மணி நட்சத்திரங்களுக்கு. ஒரு படி ஏற ஒரு மாமாங்கம் ஆகலாம். அந்த ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் மாமா. யார் கேட்டாலும் "பார்த்துக்கலாம்ணா" என்பார். அது சம்மதமா, மறுப்பா என்று இன்றுவரை எந்த வித்வானும் கண்டுபிடித்ததில்லை.

புதியவர் எக்ஸெல்லைத் திறந்தார். தேதி, நேரம், பாட்டு, வயலின், மிருதங்கம், உபபக்கவாத்தியம், சன்மானம் என்று கட்டம் கட்டமாக நிரப்பினார். டிசம்பர் 25 மாலைக் கட்டத்துக்கு இரண்டு வித்வான்கள் உரிமை கொண்டாடினார்கள். இருவரிடமும் மாமா "பார்த்துக்கலாம்ணா" சொல்லியிருந்தார். போன் போட்டுக் கேட்டதற்கு, "எனக்கு இப்போ எந்தப் பொறுப்பும் இல்லையேப்பா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

எக்ஸெல்லுக்குத் தெரியாத சங்கதிகள் சங்கீத உலகில் நிறைய. மிருதங்க வித்வான் பழநி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர். மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்க்க வேண்டுமானால் அவரும் வயலின்காரரும் இடம் மாறி உட்கார வேண்டும். அந்த மகா மேதைக்கே அதற்காக முகம் சுளித்த வயலின் வித்வான்கள் உண்டு. இன்றைக்கும் ஒரு இடக்கை மிருதங்கக்காரரைப் போட்டால் அதை முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைப்பது மரியாதை. எக்ஸெல்லில் மரியாதைக்குக் கட்டம் இல்லை.

கடம் விவகாரத்தில் புதியவர் நன்றாக மாட்டிக்கொண்டார். வழக்கமான கட வித்வானுக்குக் காய்ச்சல். மெசேஜ் அனுப்பி வேறொருவரைப் பிடித்துவிட்டார், அதுவரை சாமர்த்தியம். மாலை ஐந்தே முக்காலுக்கு அவர் வந்து பையைப் பிரித்தால், உள்ளே ஐந்து கட்டைக் கடம். பாடகரின் சுருதியோ ஒன்றரைக் கட்டை. மிருதங்கத்தின் விளிம்பைத் தட்டிச் சுருதி சேர்ப்பதுபோலக் கடத்தை இறக்க முடியாது. சூளையில் வெந்தபோது அமைந்த சுருதிதான். முதல் வரிசை ஓர நாற்காலியிலிருந்து மாமா ஊன்றுகோலோடு எழுந்து வந்தார்.

"மத்தியானம் அந்தப் பொண்ணுக்கு வாசிச்சுட்டு நேரா இங்கே வரார். அஞ்சு கட்டைக் குடம்தான் கையிலே இருக்கும்னு எனக்குக் காலையிலேயே தெரியும்."

"சொல்லியிருக்கலாமே, மாமா?"

"நீ கேக்கலையேப்பா."

ஒரே ஒரு போன். மந்தைவெளியிலிருந்து ஆட்டோவில், ஒரு பையனின் மடியில் உட்கார்ந்து ஒன்றரைக் கட்டைக் கடம் வந்து இறங்கியது. கச்சேரி கால் மணி தாமதம். அந்தக் கால் மணியில் மாமா மேடையேறி 'இரண்டே வார்த்தை' பேசினார். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் கூடியபோது நடந்த இசை மாநாடு, மறு ஆண்டு அதிலிருந்து பிறந்த மியூசிக் அகாதெமி, கச்சேரிக்கு இன்றைய அமைப்பைத் தந்த அரியக்குடி என்று எல்லாவற்றையும் கூடவே இருந்து கவனித்துக்கொண்டவர் மாதிரி சொன்னார். அவர் பிறந்தது அதற்கெல்லாம் வெகு காலம் கழித்து. கைதட்டல் பாடகருக்கு விழுந்ததைவிட அதிகம்.

புதியவரின் அடுத்த சீர்திருத்தம் கேன்டீன். டெண்டர் கேட்டு, குறைந்த விலை சொன்னவருக்குக் கொடுத்தார். பாடகரை மாற்றினால் ரசிகர் பொறுத்துக்கொள்வார். கீரை வடைக்கு ஆளை மாற்றினால் பொதுக்குழுவை உடனே கூட்டச் சொல்லிக் கையெழுத்து வேட்டை நடக்கும். அந்தக் காகிதத்தில் முதல் கையெழுத்து யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

இத்தனைக்கும் மாமாவை வெறுக்க முடிவதில்லை. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சபையில் பாதி கேன்டீனுக்கு நடக்கும்போது, நகராமல் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிறவர் அவர். மத்தியானம் ஒரு மணிக்கு முன்பின் தெரியாத பிள்ளை பாடும்போது, சொந்தக்காரர் அல்லாத ஒரே ரசிகராக இருப்பவரும் அவரே. 2020இல் சீசன் ஆன்லைனுக்குப் போனபோது, மடிப்பு வேஷ்டியும் அங்கவஸ்திரமுமாக லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் திரையைப் பார்த்துக் கைதட்டினார் என்று மாமியே சொல்லியிருக்கிறார். இப்படி ஒரு பைத்தியம் இல்லாமல் சன்மானம் வாங்காத இந்த வேலையை யாரும் இத்தனை காலம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்ய முடியாது. தான் இல்லாமல் சபா ஓடிவிடுமோ என்பதுதான் அவருடைய ஒரே பயம். அதற்காகவே தனக்குத் தெரிந்ததை வேறு யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டார்.

பொங்கலுக்கு முன் கணக்கு முடிக்கிற நாள். நட்சத்திர வித்வான் ஒருவர் வந்து அடுத்த ஆண்டு டிசம்பர் 25 மாலையைக் கேட்டார். புதியவர் லேப்டாப்பைத் திறக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார், விசிறிமடிப்பு அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார், "பார்த்துக்கலாம்ணா" என்றார். மாமா எதிர் நாற்காலியில் இருந்து தலையை ஆட்டி ரசித்தார்.

ஆகவே சபா உறுப்பினர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த பொதுக்குழுவில் மாமாவுக்குப் பொன்னாடை போடாதீர்கள்; அட்டைப்பெட்டியில் இருப்பதெல்லாம் அவர் ஏற்கெனவே பார்த்தவைதான். இருநூறு பக்க நோட்டு ஒன்றையும் பேனாவையும் கையில் கொடுத்து, தலையில் இருப்பதையெல்லாம் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடிக்கும்வரை ஓர நாற்காலி அவருடையது என்று தீர்மானமும் போடுங்கள். இரண்டாவது நோட்டு ஒன்றைப் புதியவருக்கு இப்போதே வாங்கிவிடுவது நல்லது.