எல்லாருக்கும் ‘கிடையாது’ என்றால் சமமா?

கே: சென்னையில் கம்பெனி வேலை. இரண்டாவது பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தேன். ராமநாதபுரத்தில் தனியார் ஆஸ்பத்திரியில் சிசேரியன். கையோடு குடும்பக் கட்டுப்பாடும் செய்துகொண்டேன். கம்பெனி மெடிக்கிளைமில் பிரசவச் செலவு வந்தது. குடும்பக் கட்டுப்பாட்டுத் தொகையை மட்டும் கழித்துவிட்டார்கள். ஒரே மேஜை, ஒரே மயக்க ஊசி. இது நியாயமா?
– வாசகி, சிக்கல்

ப: நியாயம் இல்லை. விதி மட்டும் இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் மெடிக்கிளைம் விலக்குகளுக்குப் பொதுவான வாசகம் வகுத்தது. அதில் விலக்கு எண் 17-ல் கருத்தடை, கருத்தடை ஆபரேஷன், குழந்தையின்மை சிகிச்சை, வாடகைத்தாய் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்கள்.

அடுத்த எண்ணைப் பாருங்கள். 18: பிரசவம். அதுவும் விலக்குதான்! ஆனாலும் உங்களுக்குப் பிரசவப் பணம் வந்தது. உங்கள் கம்பெனி பிரீமியம் கட்டி அந்த விலக்கை நீக்கி வாங்கியிருக்கிறது. அப்படியானால் 17-ல் உள்ள கருத்தடை வரியையும் பேசிப் பார்க்கலாமே. பாலிசி புதுப்பிக்கும் மாதத்துக்கு முன்பே ஹெச்.ஆரிடம் எழுதிக் கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேர் கையெழுத்தோடு போங்கள்.

கே: ஆணுக்கும் கருத்தடைக்குப் பணம் இல்லை, பெண்ணுக்கும் இல்லை. இதில் பாகுபாடு எங்கே வந்தது?
– வாசகர், சாயல்குடி

ப: உங்கள் ஊர்ப் பக்கம் குழாயில் தண்ணீர் வராவிட்டால் அது ஆண், பெண் எல்லாருக்கும்தான் வரவில்லை. ஆனால் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு வெயிலில் போகிறவர் யார்?

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். நாட்டில் பெண் கருத்தடை ஆபரேஷனை நம்பியிருக்கும் தம்பதிகள் நூற்றுக்கு 37.9. ஆண் செய்துகொண்டது 0.3. ஆண் ஆபரேஷன்தான் சுலபமானது. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. இருந்தும் சுமை முழுக்க ஒரு பக்கம். ‘கருத்தடைக்குக் கிடையாது’ என்ற வரி யார் பையில் கை வைக்கிறது என்று இப்போது சொல்லுங்கள்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் ஜெனிஃபர் எரிக்சன் என்பவர் பார்ட்டெல் மருந்துக் கடைகளில் மருந்தாளுநர். மற்றவர்களுக்குக் கருத்தடை மாத்திரை எடுத்துக் கொடுப்பவருக்குத் தன் மாத்திரைக்குக் கம்பெனித் திட்டத்தில் பணம் இல்லை. வழக்குப் போட்டார். மற்ற மருந்துகளுக்குப் பணம் கொடுத்துவிட்டு, பெண்கள் மட்டும் சாப்பிடும் இந்த மருந்தை விலக்குவது பாலினப் பாகுபாடு என்று 2001-ல் நீதிபதி லாஸ்னிக் தீர்ப்பளித்தார். 2007-ல் யூனியன் பசிபிக் ரயில்வே வழக்கில் இன்னொரு நீதிமன்றம், இருபாலருக்கும் கருத்தடை இல்லாததால் பாகுபாடு இல்லை என்றது. நீங்கள் சொல்கிற அதே வாதம். எனக்கு சியாட்டில் தீர்ப்புதான் சரி. கர்ப்பம் தரிக்கிற உடம்பு ஒன்றுதானே!

கே: இங்கே கோர்ட்டுக்குப் போனால் ஜெயிக்குமா?
– வாசகி, முதுகுளத்தூர்

ப: வழி போட்டவர்கள் இருக்கிறார்கள். முதல் கர்ப்பத்திலேயே விமானப் பணிப்பெண்ணை வீட்டுக்கு அனுப்பும் ஏர் இந்தியா விதியை 1981-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 1991-ல் நீரா மாத்தூர் வழக்கு. வேலைக்குச் சேரும் பெண்ணிடம் எல்.ஐ.சி. படிவம் கேட்டது: கடைசி மாதவிலக்கு எந்தத் தேதி? எத்தனை முறை கர்ப்பம்? பிரசவ விடுப்பில் போனவரை, தேதியைத் தவறாக எழுதினார் என்று வேலையைவிட்டு நீக்கினார்கள். உச்ச நீதிமன்றம் வேலையைத் திருப்பிக் கொடுத்தது. அந்தக் கேள்விகளையும் எடுக்கச் சொன்னது. 2025 மே மாதம், தர்மபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை உமாதேவிக்கு மறுக்கப்பட்ட பிரசவ விடுப்பைக் கொடுக்கச் சொல்லி, அது இனப்பெருக்க உரிமையின் பகுதி என்றது.

ஒரு தடங்கல் உண்டு. அரசமைப்பின் 15, 16-வது பிரிவுகளின் பாகுபாட்டுத் தடை முக்கியமாக அரசையும் அரசு நிறுவனங்களையும்தான் கட்டும். தனியார் முதலாளியை நேரே பிடிக்காது. அமெரிக்காவில் 1964, 1978-ல் வந்த பாகுபாட்டுத் தடைச் சட்டங்கள் தனியார் முதலாளியையும் கட்டின. எரிக்சன் ஜெயித்தது அதனால்தான். அப்படி ஒரு சட்டம் இங்கும் வேண்டும்.

கே: திருப்பூர் பனியன் கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். அதில் உண்டா?
– வாசகி, கடலாடி

ப: உண்டு! குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டால் பெண்ணுக்கு 14 நாள், ஆணுக்கு 7 நாள், முழுச் சம்பளக் கணக்கில் பணம் தருவார்கள். வீட்டுக்காரரிடம் அந்த 7 நாளைப் பற்றியும் சொல்லுங்கள்.

கே: அதிக உதிரப்போக்குக்கு ஹார்மோன் லூப் வைத்தார்கள். ‘கருத்தடை’ என்று கிளைம் தள்ளுபடி!
– வாசகி, பரமக்குடி

ப: அது உங்களுக்கு சிகிச்சை. நோயின் பெயரையும், எதற்காக லூப் என்பதையும் டாக்டரிடம் எழுதி வாங்கி மேல்முறையீடு செய்யுங்கள். அங்கும் தள்ளினால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை.

கே: கடலில் பாசி எடுக்கிறோம். எங்களுக்கு முதலாளியும் இல்லை, மெடிக்கிளைமும் இல்லை.
– வாசகி, ஏர்வாடி

ப: உங்களுக்கு அரசு ஆஸ்பத்திரிதான் துணை, அக்கா. காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் அந்தரா ஊசி, சாயா மாத்திரை எல்லாம் அங்கே இலவசம். ஆனால் இலவசம் என்பதற்காக யாரும் உங்களைக் கேட்காமல் எதையும் வைக்கக் கூடாது. இலக்கு வைத்து ஆள் பிடிக்கக் கூடாது என்று 2016-ல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பிரசவம் முடிந்து கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பி.பி.ஐ.யு.சி.டி. என்று இருந்தால் காப்பர்-டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் எடுத்துவிட வேண்டும்.