சொதி திரிதலும் அருவித் தடையும்: ஓர் ஆய்வு

ஜூன் பிறந்ததும் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்காசிக்குள் நுழையும். அதன் பின்னாலேயே சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் உறவினர்கள் நுழைவார்கள். காற்றின் வரவைக் கணிக்க 1875 முதல் ஒரு துறையே இயங்குகிறது. உறவினர் குற்றாலத்தில் குளித்துவிட்டு எத்தனை மணிக்கு இலைக்கு வருவார்கள் என்று கணிக்க நாட்டில் ஒருவருமில்லை. இந்த அலட்சியத்தின் விலையைச் சீசன்தோறும் யாராவது ஒரு வீட்டின் சொதிச்சட்டி கொடுத்துக்கொண்டிருக்கிறது. சீசன் விருந்தில் சொதி திரிவதற்குச் சமைத்தவரின் கையைக் குறை சொல்லிப் பயனில்லை, குற்றாலப் பேரருவியில் விழும் தண்ணீரின் அளவுதான் காரணம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

முன்னோர் இத்துறையில் உதவவில்லை. வள்ளுவர் 9ஆம் அதிகாரம் முழுவதையும் விருந்தோம்பலுக்கு ஒதுக்கினார். பத்துக் குறளில் ஒன்றிலாவது பத்துப் பேருக்கு எத்தனை தேங்காய் என்று சொன்னாரில்லை. ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் குடியிருந்தபோது ராஜாஜியும் கல்கியும் வந்து தங்கிப்போனார்கள். அந்த வீட்டில் கம்பன் பாட்டு எப்படிச் சுவைக்கப்பட்டது என்று பக்கம் பக்கமாகப் படிக்கலாம். அடுப்படியில் நின்றது யார், தேங்காய் துருவியது யார் என்பதைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். இலக்கிய வரலாற்றாசிரியர்கள் எல்லாரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்தே எழுதியிருக்கிறார்கள். இலைக்குப் பின்னால் நின்றவர் ஒருவரும் எழுதவில்லை.

ஆய்வுக்குரியவரை ‘அண்ணாச்சி’ என்றே குறிப்பிடுவோம். மேலகரம், இலஞ்சி, தென்காசி மேலமாசி வீதி என்று எங்கு தேடினாலும் இவர் கிடைப்பார். வயது ஐம்பதுக்கு மேல். உறுதியாகச் சமைக்கத் தெரிந்தவை காபியும் ரவை உப்புமாவும். முந்தின நாள் இரவு விருந்தாளிகளைப் பிரானூர் பார்டருக்குக் கூட்டிப்போய்ப் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். (பக்கத்துச் செங்கோட்டை 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதுவரை பிரானூரில் திருவிதாங்கூர்-கொச்சி எல்லை இருந்தது. எல்லை போய்விட்டது, பரோட்டா போகவில்லை.) திரும்பி வரும் வழியில் காரின் பின்சீட்டிலிருந்து மச்சினன் ஒரு வார்த்தை விடுகிறான்: “சொதியெல்லாம் இப்பம் யாரு அத்தான் வீட்ல வைக்கா? ஓட்டல்ல வாங்கிக்கிட வேண்டியதுதான்.” அந்த இடத்தில் அண்ணாச்சிக்கு ஊர் மானம், குல மானம் இரண்டும் ஒருங்கே எழும்புகின்றன. “நாளைக்கு மத்தியானம் நான் வைக்கேன், பாரு.” மதினி மறுக்கவில்லை. “தாராளமா வைங்க. நான் இவங்களோட அருவிக்குப் போறேன்” என்று மட்டும் சொல்கிறார். இந்த வாக்கியத்தின் கனம் மறுநாள் பன்னிரண்டரை மணிக்குத்தான் அண்ணாச்சிக்குப் புரியும்.

வெளியூர் வாசகருக்காக ஒரு குறிப்பு. சொதி என்பது திருநெல்வேலிச் சீமையின் தேங்காய்ப்பால் குழம்பு. கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வரும் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்வீட்டார் போடும் விருந்தில் இதற்குத்தான் முதல் மரியாதை. மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். புது உறவின் நாவுக்குப் பயந்து சமைத்துச் சமைத்தே நயம் ஏறிய குழம்பு இது. யாழ்ப்பாணத்திலும் சொதி உண்டு. அது தண்ணீராக, இடியாப்பத்துக்கு ஊற்றிக்கொள்ளத் தோதாக இருக்கும். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடிய கப்பலில் எந்தச் சொதி ஏறி எந்தச் சொதி இறங்கியது என்று இரு கரையிலும் கட்சி கட்டுகிறார்கள். ஆய்வாளருக்கு இரு கரையிலும் சொந்தக்காரர்கள் இருப்பதால் இக்கேள்வி இத்துடன் கைவிடப்படுகிறது.

பொருள் சேகரிப்பில் அண்ணாச்சியைக் குறை சொல்ல இடமில்லை. காய்க்குப் பாவூர்சத்திரம் சந்தை இருக்கிறது. எலுமிச்சைக்குப் புளியங்குடி இருக்கிறது. எலுமிச்சை நகரம் என்றே அந்த ஊருக்குப் பெயர். தேங்காய்க்கு வீட்டுக் கொல்லை போதும். முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி, உரித்த சின்ன உள்ளி, பூண்டு, கீறிய பச்சை மிளகாய் எல்லாம் காலை ஒன்பது மணிக்கே தாம்பாளத்தில் வரிசையாக இருக்கின்றன. காயை ஒரே அளவாக நறுக்க அவர் பேரனின் ஸ்கேலை எடுத்தார் என்ற செய்தி சரிதான். மஞ்சள்தூள் போடலாமா கூடாதா என்பதில் வீட்டுக்கு வீடு வழக்கு உண்டு. அண்ணாச்சி கட்சி மாறாமல் போடாமல் விட்டார்.

செய்முறையும் சொல்லிக் கேட்கச் சுலபம்தான். துருவிய தேங்காயைக் கொஞ்சமாக வெந்நீர் விட்டு அரைத்துத் துணியில் பிழிந்தால் முதல் பால். சக்கையை மறுபடி அரைத்தால் இரண்டாம் பால், அதற்கும் மேலே மூன்றாம் பால். மூன்றாம் பாலில் காய் வேகும். இரண்டாம் பாலும் வேகவைத்து மசித்த பாசிப்பருப்பும் இஞ்சிச்சாறும் பிறகு சேரும். கடைசியில் தீயைத் தணித்து முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கூடி வரும்போது இறக்கிவிட வேண்டும். சூடு சற்றுத் தணிந்த பின் எலுமிச்சை. இதில் கடைசிப் படி மட்டும்தான் கண்டம்.

அந்தக் கண்டத்தின் இயல்பைக் கிட்டே போய்ப் பார்ப்போம். தேங்காய்ப்பால் என்பது தண்ணீருக்குள் மிதக்கும் கோடிக்கணக்கான கொழுப்புத் துளிகள். ஒவ்வொரு துளியையும் புரதம் ஒரு மெல்லிய சட்டை போலப் போர்த்தி, ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கிறது. சூடு 80 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகும்போது அந்தப் புரதம் உறைகிறது. சட்டை கழன்ற துளிகள் ஒன்றுசேர்ந்து எண்ணெயாக மேலே வருகின்றன. புளிப்பும் புரதத்துக்கு ஆகாது. கொதிக்கிற சொதியில் எலுமிச்சை பிழிந்தவர் இரண்டு பகையையும் ஒரே நேரத்தில் அழைக்கிறார். முதலில் சட்டியின் ஓரத்தில் கடுகளவு எண்ணெய்ப் பொட்டுகள் தோன்றும். அண்ணாச்சி அவற்றைக் கண்டு, நெய் மணக்கிறது என்று மகிழ்வார். அடுத்து வெள்ளைத் திப்பிகள் முருங்கைக்காயில் வந்து ஒட்டும். அப்புறம் மகிழ ஒன்றுமில்லை. ஒருமுறை திரிந்ததை எந்தத் தீயும் சேர்த்துவைக்காது.

ஆகவே முதல் பால் ஊற்றிய சொதி காத்திருக்காது, சுடவைக்கவும் முடியாது. விருந்தாளி வந்து கையைத் துடைத்துக்கொண்டு உட்காரும் நேரமும் முதல் பால் சட்டியில் இறங்கும் நேரமும் ஒன்றாக அமைய வேண்டும். இங்கேதான் பேரருவி குறுக்கே வருகிறது.

மற்ற ஊர்களில் விருந்தாளி தாமதமாக மட்டுமே வருவார். குற்றாலத்தில் அவர் முந்தியும் வருவார். பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழத் தொடங்கினால் போலீஸார் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். அப்போது பதினொரு மணிக்கே மொத்தக் குடும்பமும் ஈரத் தலையோடு வாசலில் நிற்கும். காய் இன்னும் மூன்றாம் பாலில் நீந்திக்கொண்டிருக்கும். அதே தடை வேறு விதமாகவும் வேலை செய்யும். “இங்க இல்லாட்டா ஐந்தருவி, அதுவும் இல்லாட்டா பழைய குற்றாலம்” என்று யாராவது யோசனை சொல்லிவிட்டால் மூன்று மணிக்கு முன் வரமாட்டார்கள். ஆக, சாப்பாட்டு நேரம் என்பது பேரருவியின் நீர்வரத்து, ஐந்தருவியின் வரிசை, கார் நிறுத்த இடம், மாமா எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்கார்ந்தாரா இல்லையா ஆகிய நான்கையும் பொறுத்தது. போன் போட்டுக் கேட்கலாமே என்பார்கள். குளிக்கப் போகிறவர்கள் எல்லாருடைய போனும் காருக்குள் ஒரே பையில் கிடக்கும். அண்ணாச்சி அழைக்க அழைக்க, மாற்றுத் துணிகளுக்கு நடுவே அது தனியாகப் பாடும்.

இதற்கிடையே பசி வேறு வளர்கிறது. குளிர்ந்த நீரில் உடற்பயிற்சி செய்தவர்கள் பிறகு கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள் என்று உடலியல் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அருவிக்கடியில் முண்டியடித்து இடம் பிடிப்பது எந்த உடற்பயிற்சிக்கும் குறைந்ததன்று.

தென்காசிக் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் கோயிலுக்குக் குறை நேர்ந்தால் சரிசெய்து காப்பவர்களின் பாதம் பணிவதாகக் கல்லில் வெட்டிவைத்துப் போனான். பன்னிரண்டரை மணிக்கு அண்ணாச்சியும் அதே நிலையை அடைகிறார். கார் சத்தம் கேட்டதும் “வந்துட்டாங்க” என்று எண்ணி முதல் பாலை ஊற்றினார்; அது அடுத்த வீட்டுக் கார். சொதி திரிந்தது. கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் போய், பக்கத்து வீட்டு ஆச்சியின் முன்னால் நிற்கிறார்.

ஆச்சி வந்தார், சட்டியைப் பார்த்தார், பேசவில்லை. எண்ணெயை அகப்பையால் ஓரமாக ஒதுக்கி எடுத்தார். “இன்னும் தேங்கா கெடக்காய்யா?” ஒன்று கிடந்தது. துருவி முதல் பால் மட்டும் பிழிந்து கிண்ணத்தில் மூடிவைத்தார். பெரிய அண்டாவில் கை பொறுக்கும் சூட்டுக்கு மேலே கொஞ்சம் வெந்நீர் வைத்து, அதற்குள் சொதிச்சட்டியை இறக்கினார். “அவுக இலைல உக்காந்த பெறவு பாலை விடு. தீப்பக்கம் கொண்டுபோகாத, எய்யா.”

இந்தச் செயலின் அறிவியல் நுட்பம் மெச்சத்தக்கது. பேரருவி மலையுச்சியிலிருந்து நேரே தலையில் விழுவதில்லை. பொங்குமாங்கடல் என்னும் பாறைக்குழியில் விழுந்து, வேகம் அடங்கி, வழிந்து வருவதால்தான் அடியில் மனிதர் நிற்க முடிகிறது. தீக்கும் சொதிக்கும் நடுவே ஆச்சி வைத்த வெந்நீர் அண்டா அந்த வேலையைத்தான் செய்தது.

விருந்தாளிகள் இரண்டே முக்காலுக்கு வந்தார்கள். சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்குக் காரக்கறி. தேங்காய்ப்பால் செரிக்கத்தான் இஞ்சி. விருந்தின் மருத்துவரும் அதே இலையில் இருக்கிறார். மச்சினன் மூன்று முறை சோறு வாங்கினான். பெரிதாகப் பாராட்டினானா என்றால், “பரவால்ல அத்தான், ஓட்டல் சொதி மாதிரியே இருக்கு” என்றான்.

முடிவுகள் இரண்டு. முதல் முறை சொதி வைப்பவர் ஒரு தேங்காயைக் கணக்கில் காட்டாமல் ஒளித்துவைக்க வேண்டும். பாயசம், வடை என்று அதே நாளில் கை வைக்கக் கூடாது. மற்றதெல்லாம் விருந்தாளியின் பொறுப்பு. சீசனுக்குக் குற்றாலம் போகிற வாசகர்களே, உங்களுக்காக ஒரு வீட்டில் யாராவது சொதி வைத்துக்கொண்டிருந்தால், அருவியிலிருந்து கிளம்பும்போது, தலை துவட்டுவதற்கு முன்னால், ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.