மறுக்கத் தெரிந்த யந்திரம்

எதிர்த்துப் பேசாத சிப்பந்தி கிடைப்பது பூர்வ ஜன்ம புண்ணியம் என்று முதலாளிகள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கும்பகோணத்தில் நான் நடத்திவரும் ரத்தப் பரிசோதனை லேபுக்கு ஒரு சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்த பிறகு, அந்தப் புண்ணியம் ஜன்ம விரோதிக்கும் வாய்க்கக் கூடாது என்ற தீர்மானத்துக்கு வந்துவிட்டேன்.

விற்பனைப் பிரதிநிதிகள் ஒருவர்பின் ஒருவராக வந்து, லேப்டாப்பைத் திறந்து, மாத வசூலை நீலத்திலும் பாக்கியைச் சிவப்பிலும் காட்டும் வர்ண சித்திரங்களை விஸ்தரித்தார்களே தவிர, சோதனைக் குழாயைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் மூத்த டெக்னீஷியன் அம்மாளுக்குச் சித்திரங்களில் சிரத்தை கிடையாது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, 'முருகேசன், வயது 62, ஆண்' என்று தாமே தட்டிப் பார்த்தார்கள். குடும்பப் பெயரைத் தந்தாலொழிய அடுத்த கட்டத்துக்கு விடமாட்டேன் என்று திரை பிடிவாதம் செய்தது.

"அவருக்கு இனிஷியல்தான் உண்டு தம்பி, குடும்பப் பேரெல்லாம் கிடையாது."

"அப்ப அந்த இடத்துல ஒரு புள்ளி வெச்சிடுங்க மேடம், போயிடும்."

தலைமுறை தலைமுறையாகத் தழைத்து வந்த ஒரு வம்சம் இவ்வாறு ஒரு புள்ளியில் அடங்கிற்று. அம்மாள் விடவில்லை, அதே முருகேசனுக்குச் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை வேண்டுமென்று பதிவு செய்தார்கள். குடும்பப் பெயர் இல்லாத குற்றத்துக்காக அந்தப் பெரியவரை வாசலில் நிறுத்திய சாஃப்ட்வேர், அவர் கர்ப்பவதியாக இருக்கக்கூடும் என்பதில் எள்ளளவும் ஆட்சேபம் காணாமல், 'நிச்சயந்தானா?' என்று ஒரு வார்த்தைகூடக் கேளாமல், பில்லை அச்சிட்டுக் கொடுத்தது.

இன்னொருவர், மருத்துவக் கணினிகள் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்வதற்காக 1987-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஹெச்.எல்.7 ஏற்பாட்டைத் தமது சாஃப்ட்வேர் கரைத்துக் குடித்திருப்பதாகப் பிரகடனம் செய்தார். எங்கள் செல் கவுண்டருக்குத் தெரிந்ததோ ஏ.எஸ்.டி.எம். என்ற வேறு பாஷை. ஆகவே, யந்திரம் எண்ணித் தந்ததை மனுஷர் பார்த்து மறுபடி தட்டச்சு செய்யவேண்டும் என்று ஏற்பட்டது. அப்படிச் செய்கையில் தசமப் புள்ளி ஒன்று நழுவினால் என்ன ஆகும் என்று பார்க்க, ஹீமோகுளோபின் 13.2 என்பதை அம்மாள் 132 என்று இட்டார்கள். ஒரு மனிதரின் நாளங்களில் பிளாஸ்மாவே இல்லாமல் சிவப்பணுக்களே நெருக்கியடித்துக்கொண்டு நின்றாலும், டெசிலிட்டருக்கு 36 கிராமைத் தாண்டுவது அரிது. ஆனால் விநயமே உருவான அந்த சாஃப்ட்வேர், 132-ஐத் தடித்த எழுத்தில் பொறித்து, பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்றையும் இட்டு, என் கையெழுத்துக்குக் காத்து நின்றது.

"அதெல்லாம் கஸ்டமைசேஷன் சார், அடுத்த வெர்ஷன்ல வந்துடும்."

கடைசியாக வந்த பிரதிநிதியின் திரையில் வர்ணமும் இல்லை, வசீகரமும் இல்லை. அம்மாள் பொட்டாசியம் 14 என்றும், கால்சியத்தை அதலபாதாளத்திலும் இட்டார்கள். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாதிருக்கச் சேர்த்திருப்பது பொட்டாசிய உப்பு. அது கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. அதிலிருந்து ரத்தத்தைச் சிவப்பு மூடிக் குழாய்க்கு மாற்றி ஊற்றிவிட்டால், உயிரோடு நடந்து வந்தவருக்கும் இத்தகைய அளவுகள் வந்து சேரும். திரை உடனே நின்றுவிட்டது: சென்ற தடவை இவருக்குப் பொட்டாசியம் 4.2, மாதிரியைச் சரிபாராமல் ரிப்போர்ட் தரமாட்டேன். நானே என் பாஸ்வேர்டைக் கொடுத்து உத்தரவிட்டுப் பார்த்தேன். எனக்கும் அதே பதில்தான்.

பிரதிநிதிக்கு முகம் வாடிவிட்டது. "கொஞ்சம் முரண்டு பண்ணும் சார். வேண்டாம்னா ஆஃப் பண்ணிடலாம், செட்டிங்ஸ்லயே இருக்கு" என்று சமாதானம் சொன்னார்.

அன்றே முன்பணம் கொடுத்தேன், ஒரே ஒரு நிபந்தனையின்பேரில்: அந்த செட்டிங்ஸ் எங்கே இருக்கிறது என்பதை அவர் லேபில் எவருக்கும், முக்கியமாக முதலாளிக்கு, சொல்லித் தரக்கூடாது.