குட்டி யானை அலங்காரவியல்: ஓர் அறிமுகம்

தமிழ்நாட்டில் குட்டி யானை எனப்படுவது தும்பிக்கை இல்லாதது, நான்கு சக்கரமும் பின்னால் திறந்த தொட்டியும் உடையது, பெரும்பாலும் தவணையில் இருப்பது. டாடா நிறுவனம் 2005 மே மாதம் ஏஸ் என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் என்ஜின், 16 குதிரைத்திறன், 750 கிலோ சுமை என்பவை நிறுவனம் சொன்ன கணக்கு. முதல் மூன்றையும் உரிமையாளர்கள் அப்படியே ஏற்றுக்கொண்டனர். நான்காவதை ஒரு யோசனை என்ற அளவில் எடுத்துக்கொண்டனர். பின்னர் வந்த மஹிந்திரா ஜீத்தோவும் மாருதி சூப்பர் கேரியும், உருவில் சற்றுப் பெரிய அசோக் லேலண்ட் தோஸ்த்தும்கூட பேச்சுவழக்கில் இந்த இனத்திலேயே சேர்கின்றன. இந்த வகைப்பாட்டில் கறார் காட்டுவது கம்பெனிக்காரர்கள் மட்டும்தான்.

அலங்காரவியலின் முதன்மையான களம் முன்கண்ணாடி. மேல் விளிம்பில் குலதெய்வம் ‘துணை’ என்ற சொல்லோடு அமரும். அதன் கீழே பிள்ளைகளின் பெயர்கள், பிறந்த வரிசையில். மூன்றாவது பிள்ளை பிறந்த வண்டிகளில் எழுத்து சிறுத்து வருவதைக் காணலாம். கண்ணாடியின் அகலம் அவ்வளவுதான். ஓரத்தில் நடிகர் ஒருவர் கூலிங் கிளாசுடன் நிற்பார். இவர்கள் எல்லோரும் விட்டுக்கொடுத்த இடத்தின் வழியே சாலை தெரியும்.

இத்தனை பெயர்களுக்கு நடுவே ஒரு பெயர் மட்டும் விடுபடுவது ஆய்வுக்குரியது. வண்டியின் பெரும்பங்கு கடன் கொடுத்த நிறுவனத்தினுடையது, ஆர்.சி.யில் அடமானக் குறிப்பாக அதன் பெயர் இருக்கும். வண்டியின் மேலோ அதற்கு ஓரங்குல இடமும் கிடையாது. ஆகவே ஸ்டிக்கர் என்பது அழகுக்காக ஒட்டப்படுவதல்ல, உரிமைக்காக ஒட்டப்படுவது என்று கொள்ள இடமுண்டு. பாக்கித் தவணை கூடக் கூட ஸ்டிக்கரும் கூடும் என்ற கருதுகோளை யாரும் இதுவரை நிரூபிக்கவில்லை. ஸ்டிக்கர் கடைக்காரர்கள் அதை மறுக்கவும் இல்லை.

அடுத்தது திருஷ்டித் துறை. முன்னால் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும், பக்கவாட்டில் கறுப்புக் கயிறு, பின் பம்பரில் ஒற்றைச் செருப்பு என்பது பரவலான அமைப்பு. எலுமிச்சம்பழம் அமாவாசைக்கு அமாவாசை தவறாமல் மாறும். என்ஜின் ஆயில் மாற்றிய தேதியைக் கேட்டால் பதில் அவ்வளவு திட்டமாக வராது.

இதற்கு உரிமையாளரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஏஸில் என்ஜின் இருப்பது இருக்கைக்கு அடியில். அதைப் பார்க்க வேண்டுமானால் ஓட்டுநர் இறங்கி, விரித்த டர்க்கி டவலை எடுத்து, மணி கோத்த விரிப்பை எடுத்து, சோற்றுப் பாத்திரத்தை நகர்த்தி, இன்சூரன்ஸ் நகலும் பழைய டோல் ரசீதுகளும் உள்ள பாலிதீன் உறையைத் தேடிப் பத்திரப்படுத்திவிட்டு, அதன் பிறகே இருக்கையைத் தூக்க வேண்டும். ஆயில் பார்ப்பது ஏன் நாளைக்குத் தள்ளிப்போகிறது என்பது இதிலேயே விளங்கும். ஆனால் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் மீட்டர் முள்ளுக்கு முன்பே ஓட்டுநரின் தொடை சொல்லிவிடும். இந்த வசதியை நிறுவனம் விளம்பரத்தில் சேர்க்கத் தவறிவிட்டது.

கட்டமைப்பு மாற்றங்களில் தலையாயது பட்டை சேர்த்தல். பின்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டால் வண்டி இன்னும் தாங்கும் என்பது பட்டறைக் கோட்பாடு. தாங்குவது பட்டைதான், ஆக்சிலையும் பிரேக்கையும் 12 அங்குல டயரையும் யாரும் கலந்தாலோசிப்பதில்லை. செங்கல் ஏற்றிய வண்டி மேம்பாலம் ஏறும்போது முன்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் வருவது இக்கோட்பாட்டின் செயல்முறை விளக்கம். தொட்டியின் மேல் கம்பி அடைப்பு, தார்ப்பாய்க்குக் கொக்கி போன்றவை இதே பட்டறையில், இதே வெல்டிங்கில் முடிந்துவிடும்.

பல ராகம் பாடும் ஹாரனை மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119ஆம் விதி தடை செய்கிறது. எனவே அது எஃப்.சி. நாளன்று கழற்றப்படும். எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று முதல் 8 ஆண்டுகளுக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறையும் அதன் பிறகு ஆண்டுதோறும் வாங்க வேண்டியது. அதற்கு முந்தைய வாரம் டிங்கரிங், பட்டி, பெயின்ட் என வண்டி பட்டறையில் நிற்கும். முன்னால் வெள்ளையும் பின்னால் சிவப்புமாக ஒளிரும் பட்டைகள் புதிதாக ஒட்டப்படும். ஹாரன் டவலுக்குள் சுருண்டு வீட்டில் காத்திருக்கும். தொழிற்சாலை வரைபடத்தை வண்டி ஒத்திருப்பது அந்த ஒரு நாள்தான்.

உண்மையான பராமரிப்பு நடப்பது ஆயுத பூஜைக்கு முதல் நாள். சந்தனம் இட வேண்டுமானால் சேறு போக வேண்டும். சேறு போனால்தான் சேசிஸில் விழுந்த துருவும் ஸ்பிரிங்கில் விட்ட விரிசலும் கண்ணுக்குத் தெரியும். மறுநாள் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சையை நசுக்குவதைப் பகுத்தறிவாளர்கள் எப்படி வேண்டுமானாலும் சொல்லட்டும். சர்வீஸ் புத்தகம் சாதிக்காத வருடாந்தரச் சோதனையைச் சரஸ்வதி சாதித்துவிடுகிறாள்.

கடன் முடிந்ததும் நிறுவனத்தின் தடையில்லாச் சான்றோடு படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யிலிருந்து அடமானக் குறிப்பை நீக்கிக்கொள்ளலாம். பலருக்கு இது நினைவுக்கு வருவது வண்டியை விற்கும்போது. வாங்கியவர் பிளேடும் சோப்புத் தண்ணீருமாக உட்கார்ந்து முந்தையவரின் குலதெய்வத்தையும் பிள்ளைகளையும் சுரண்டி எடுப்பார். நடிகர் இருவருக்கும் பொதுவானவர் என்றால் அவருக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆர்.சி.யில் உரிமை மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வாங்கியவருக்குச் சட்டம் 30 நாள் தருகிறது. கண்ணாடியில் பெயர் மாற ஒரு சாயங்காலம் போதும்.